பன்னிரண்டாவது சம்பளம்

— அந்த நாற்காலி வேண்டாம் சார். அது ரெண்டாவது காட்சியில உடையற நாற்காலி. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. எங்க விட்டோம்?

— பன்னண்டு பேர்ல விட்டீங்க மேடம். ஒரு சின்னக் கேள்வி. ஒரு நாடகத்துக்கு எதுக்குப் பன்னண்டு பேர்? மானிய அலுவலகத்துலேர்ந்து என்னை அனுப்பினதே அதைக் கேக்கத்தான்.

— எண்ணிக் காட்டறேன். நடிக்கறதுக்கு அஞ்சு பேர். வாத்தியத்துக்கு ரெண்டு. லைட்டுக்கு ஒருத்தர். திரைக்கும் மேடைச் சாமானுக்கும் ஒருத்தர். உடுப்புக்கும் மேக்கப்புக்கும் ஒருத்தங்க. டிக்கெட், கணக்கு, கதவு, சண்டை, சமாதானம் எல்லாத்துக்கும் மேனேஜர்னு நான். பதினொண்ணு ஆச்சா? பன்னண்டாவது எங்க பெட்டிக்கார அக்கா.

— வசனம் எடுத்துக் குடுக்கறவங்க. அந்தப் போஸ்ட்டைத்தான் போன வருஷம் எடுத்தாச்சே.

— நீங்க எடுத்தீங்க சார். அதைத் திருப்பிக் குடுங்கன்னுதான் நாலு மனு போட்டேன். நாலாவதுக்கு நீங்க வந்திருக்கீங்க. அக்காவும் ரெண்டரை மணிக்கு வர்றாங்க, நேர்லயே பார்த்துடுங்க. ஆனா இன்னைக்குச் சனிக்கிழமை, மூணு மணிக்கே ஆட்டம். அதுக்குள்ள அவங்ககிட்டப் பேசி முடிச்சுடணும்.

— ஏன், மூணு மணிக்கு மேல என்ன?

— மூணு மணிக்கு மேல அவங்களால பேச முடியாது. அதை அவங்க வாயாலயே கேளுங்க. அதுக்கு முன்னாடி பணம் எங்க போகுதுன்னு சொல்லிடறேன். அது புரிஞ்சாத்தான் இது புரியும்.

— சொல்லுங்க. குறிச்சுக்கறேன்.

— சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேக்குது பாருங்க, தடதடன்னு.

— மெஷின் சத்தமா?

— துண்டு நெய்யற மில்லு. இந்த நாடகம் இதே மேடையில முதல் தடவை நடந்து அறுபது வருஷம் ஆகுது. அந்த வருஷம் அந்த மில்லுல ஒரு ஆள் காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் தறியில உக்காந்தா பத்துத் துண்டு. இன்னைக்கு ஒரு பொண்ணு எட்டு மெஷினைப் பார்த்துக்கறா. நாலாயிரம் துண்டு. அவ சம்பளத்தைப் பத்து மடங்கு ஏத்தினாலும் முதலாளிக்கு வலிக்காது, துண்டு விலையும் ஏறாது. இப்ப என் லைட்காரரைப் பாருங்க. கடைசிக் காட்சியில அப்பா சாகும்போது விளக்கை மெல்ல மெல்ல இறக்கணும். அறுபது வருஷத்துக்கு முன்னாடி அதுக்கு நாலு நிமிஷம். இன்னைக்கும் நாலு நிமிஷம். நாலாயிரம் சாவை அவரால ஒரே நேரத்துல இறக்க முடியாது.

— அப்ப அவர் சம்பளத்தை ஏத்தாதீங்க.

— ஏத்தலைன்னா மில்லுக்குப் போயிடுவார். அவர் மச்சான் அங்கதான் இருக்கார், பார்க்கறப்பல்லாம் கூப்பிடறார். மில்லுல சம்பளம் ஏறினா ஊர்ல வாடகை ஏறுது, பள்ளிக்கூடத்துல பீஸ் ஏறுது. வீட்டுக்காரர் வந்து, "பாவம், நீங்க நாடகத்துல இருக்கீங்க, பழைய வாடகையே குடுங்க"ன்னா சொல்லப் போறார்? அதனால நானும் ஏத்தறேன். அவர் வேலை ஒரு நொடி கூட வேகமாகலை, ஆனா சம்பளம் ஏறியாகணும். சோம்பேறித்தனம் இல்லை சார், திருட்டும் இல்லை. நாங்க நின்ன இடத்துல நிக்கறோம், ஊர் முன்னால போகுது. நடுவுல இருக்கற தூரம் வருஷா வருஷம் கூடுது. அந்தத் தூரத்தை யாராவது அடைச்சாகணும்.

— எதிர்ல இருக்கற மியூசியத்துலயும் இதையேதான் சொன்னாங்க. ஒரு ஆள் வந்தாலும் ஆயிரம் ஆள் வந்தாலும் குளிர்சாதனம் ஓடியாகணுமாம்.

— ஓடலைன்னா ஒரே மழையில பழைய துணியெல்லாம் பூஞ்சை புடிச்சுடும். கதவைச் சாத்தினாலும் செலவு நிக்காது. எனக்காவது கதவைச் சாத்தினா செலவு நிக்கும், அதோட எல்லாம் நிக்கும்.

— கொஞ்சம் வேகமா நடத்திப் பார்க்கலாமே மேடம்? ரெண்டு மணி பத்து நிமிஷம் ஜாஸ்தி இல்லையா?

— நடத்தினோம். ஒண்ணே முக்கால் மணிக்குள்ள முடிச்சா ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம் போடலாம்னு கணக்கு. அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கற மாதிரி செத்தார். முன் வரிசையில ஒரு பெரியவர் வாட்சைப் பார்த்துட்டு, "கெட்டிக்காரர்"ன்னார்.

— ஆளைக் குறைச்சு?

— அதுவும் ஆச்சு. அப்பாவையும் டாக்டரையும் ஒரே நடிகருக்குக் குடுத்தோம். மூணாவது காட்சியில டாக்டர் அப்பாவோட நாடியைப் பார்க்கணும் சார். அவர் தன் கையைத் தானே புடிச்சுக்கிட்டு, "இன்னும் ரெண்டு நாள்தான்"னு சொல்லித் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கிட்டார். அழ வேண்டிய காட்சியில ஜனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

— டிக்கெட்டை ஏத்தலாமே.

— ஒரு ஆளை ஒரு நாற்காலியில உக்கார வைக்க எனக்கு ஆகற செலவு பத்துன்னா, டிக்கெட் நாலு. இருநூத்தி நாப்பது நாற்காலியும் நெறைஞ்ச நாள்லயே அப்படி. ஏழாக்கிப் பார்த்தேன். முதல்ல பள்ளிக்கூடத்துப் பசங்க வர்றதை நிறுத்தினாங்க. அப்புறம் மாசம் தவறாம வர்ற ஒரு நர்ஸம்மா. கடைசியில கார்ல வர்றவங்க நாப்பது பேர் மிஞ்சினாங்க. நாப்பது ஏழு எவ்வளவு, இருநூத்தி நாப்பது நாலு எவ்வளவு? மறுபடி நாலுக்கே வந்துட்டேன்.

— நன்கொடை?

— குடுக்கறாங்க. நாற்காலி வாங்கக் குடுத்தா முதுகுல பேர் போடலாம். இந்த அறைக்கு வெள்ளையடிச்சவர் பேர் அதோ கதவு மேல இருக்கு. சம்பளத்து மேல யார் பேரைப் போடறது? அது மாசம் முதல் தேதி வந்து பத்தாம் தேதி காணாமப் போற சாமான்.

— ஆகமொத்தம் ஆளு குறையாது, நேரம் குறையாது, சம்பளம் குறையாது.

— மூணு கதவும் பூட்டு சார். அதான் உங்க கதவைத் தட்டறோம்.

— நல்லா விளக்கறீங்க. இப்ப அந்தப் பன்னண்டாவது ஆளைப் பத்திச் சொல்லுங்க. மனுவுல "விளக்கத்துக்கு அப்பாற்பட்ட சூழல்"னு மட்டும் எழுதியிருக்கீங்க.

— எழுத்துல எப்படிச் சார் எழுதறது? படிக்கறவங்க என்னை வேற மாதிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க.

— என்கிட்டச் சொல்லலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

— மேடை முன்னால தரையில ஒரு பெட்டி மாதிரி இருக்கும், பார்த்திருப்பீங்க. ஜனத்துப் பக்கம் மூடி, நடிகருங்க பக்கம் திறந்து. அதுக்குள்ள முப்பத்தோரு வருஷம் அக்கா உக்காந்தாங்க. யாராவது வசனத்தை மறந்துட்டா முதல் மூணு சொல்லை மெல்ல எடுத்துக் குடுப்பாங்க. மிச்சம் தானா வந்துடும். ஜனம் அவங்களைப் பார்க்கறதில்லை, கேக்கறதில்லை. அதனாலதான் ஆள் குறைக்கணும்னதும் உங்க ஆபீஸ் கண்ணுல அவங்க பட்டாங்க.

— அதுல தப்பில்லையே. கண்ணுக்குத் தெரியாத ஆளைத்தானே முதல்ல எடுப்பாங்க.

— அவங்க போன மூணாவது நாள். ரெண்டாவது காட்சி. அப்பாவா நடிக்கறவர் ஒரு வரியில நின்னுட்டார். நான் பக்கவாட்டுல நின்னு பதறிக்கிட்டு இருக்கேன். பெட்டிக்குள்ளேர்ந்து வந்துது. "கடிதத்தை எரிக்கறதுக்கு முன்னாடி." அவர் புடிச்சுக்கிட்டார், போயிட்டார். நான் சக நடிகர் யாரோ சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்.

— யாரும் சொல்லலையா?

— யாரும் சொல்லலை. மறுநாளும் வந்துது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒட்டடை. பூட்டுப் போட்டேன். அப்பவும் வந்துது. உடுப்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கி அது மேல வச்சேன். அதுக்கு அடியிலேர்ந்து வந்துது சார், அதே குரல், மூச்சு விடறது கூட அதே மாதிரி. நடிகருங்க யாரும் அதைப் பத்திப் பேசறதில்லை. பேசினா நின்னுடுமோன்னு அவங்களுக்குப் பயம்.

— ஒரு சின்னக் கேள்வி. தப்பா எடுத்துக் குடுத்தது உண்டா?

— ஒரு தடவை கூட இல்லை.

— தாமதம்?

— இல்லை.

— குறிச்சுக்கறேன். அது அந்த அம்மாவோட குரல்தான்னு எப்படித் தெரிஞ்சுது?

— சந்தேகம் தாங்காம ஆட்டம் நடக்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தாங்க. வெறும் காத்து வருது. "அக்கா, அக்கா"ங்கறேன், மூச்சு மட்டும். அதே நேரம் மேடையில, "நீ போன அன்னைக்கு"ன்னு அவங்க குரல். நான் போனைக் கீழ போட்டுட்டேன். மறுநாள் காலையில அவங்களே கூப்பிட்டாங்க. "நேத்து என்னால பேச முடியலை பாப்பா. சாயந்தரம் ஆனா எனக்குக் குரல் போயிடுது"ன்னாங்க.

— பாப்பாங்கறது?

— நான்தான் சார். இருபத்திரண்டு வயசுல டிக்கெட் கிழிக்க வந்தேன். நாப்பத்தஞ்சு ஆகியும் அவங்களுக்குப் பாப்பாதான். இதோ வந்துட்டாங்க. வாங்கக்கா. இவர்தான் மானிய ஆபீஸ் சார்.

— வணக்கம் ஐயா. மணி என்ன பாப்பா?

— ரெண்டு முப்பத்தஞ்சு. தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். நேரம் ஆகும். கேளுங்க ஐயா.

— உக்காருங்கம்மா. இங்கேர்ந்து போய் என்ன வேலை பார்க்கறீங்க?

— பார்சல் கிடங்கு. காதுல ஒண்ணு மாட்டுவாங்க. வாய்கிட்ட ஒண்ணு. ஓடற பட்டையில பார்சல் வரும். நம்பரைச் சொல்லணும். சொன்னாத்தான் பட்டை நகரும்.

— முழுசாச் சொல்லுங்கக்கா, சாருக்குப் புரியணும்.

— முப்பத்தோரு வருஷம் மூணு சொல்லு பாப்பா. நாலாவது எனக்கு வர மாட்டேங்குது. பழகிட்டு வரேன். மத்த நாள்ல ஆறரை மணிக்கு இங்க மணி அடிக்கும். அங்க எனக்குத் தொண்டையில யாரோ நூல் உருவற மாதிரி இருக்கும். வாயைத் திறப்பேன். காத்து. பட்டை நிக்கும். எனக்குப் பின்னால முப்பது பேர் நிப்பாங்க.

— சூப்பர்வைசர் என்ன சொல்றார்?

— டாக்டர்கிட்ட அனுப்பினார். பகல்ல போனேன். பகல்ல நல்லாத்தானே பேசறேன். நடிக்கறேன்னு நினைச்சுட்டார். திங்கக்கிழமை முடிவு சொல்றாராம்.

— திங்கக்கிழமையோட அவங்க வேலை போயிடும் சார். அதான் இன்னைக்கே பாருங்கன்னு கெஞ்சினேன்.

— ஒரு சின்னக் கேள்வி அம்மா. எவ்வளவு நேரம் கழிச்சுத் திரும்பி வரும்?

— ரெண்டு மணி பத்து நிமிஷம். திரை விழுந்ததும் வரும். வரும்போது வாயெல்லாம் தூசி ருசி. பெட்டித் தூசி. எனக்குத் தெரியும் அந்த ருசி.

— சரியா அதே நேரம். விடுமுறை நாள்ல?

— ஆட்டம் இல்லைன்னா போறதில்லை.

— தேவைக்கு மட்டும். நல்லது. ஊர்ல இல்லாத நாள்ல?

— தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பஸ்ல ஆறு மணி நேரம். அங்கயும் போச்சு.

— தூரம் ஒரு தடை இல்லை. குறிச்சுக்கறேன். காய்ச்சல், இருமல்?

— எனக்கு மார்ச்சளி கட்டியிருந்தது ஒரு வாரம். இங்க எப்படி இருந்தது பாப்பா?

— சுத்தமா இருந்ததுக்கா. கணீர்னு.

— பாருங்க. என் சளி எனக்கு. குரல் மட்டும் அதுக்கு.

— உடம்பு சரியில்லைன்னாலும் வேலை கெடறதில்லை. ரொம்ப நல்லது.

— நல்லதா ஐயா?

— பதிவுக்குச் சொன்னேன் அம்மா. மேல சொல்லுங்க.

— வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. எட்டு வருஷமா. சனிக்கிழமை நான் வீட்டுல இருப்பேன். மூணு மணிக்குக் கூப்பிடுவார். பக்கத்துலதான் இருப்பேன். பதில் வராது. கையைத் தொடுவேன். "யாரு"ம்பார். யாருன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? வேற யாரோ தொடறாங்கன்னு கையை உதறுவார். ரெண்டு மணி பத்து நிமிஷம் என்னைத் தேடுவார் ஐயா. நான் எதிர்லயே உக்காந்திருப்பேன்.

— இதை நீங்க என்கிட்டச் சொல்லவே இல்லையேக்கா.

— நீ எனக்கு மூணு மாசம் எதைச் சொன்ன?

— அக்கா.

— சொல்லு. சாரும் கேக்கட்டும். பெட்டியில என் குரல் கேட்டு மூணு மாசம். எனக்கு ஒரு போன் இல்லை.

— சொல்றேன். நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன் சார். ஆட்டம் தடங்கல் இல்லாம ஓடுச்சு. ஒரு சம்பளம் மிச்சம். அந்த மிச்சத்துல கூரை ஒழுகலை அடைச்சேன். கூரையைப் பார்க்கும்போதெல்லாம் அது யார் காசுன்னு எனக்குத் தெரியும். இந்த மாதிரி இடத்தை எப்பவும் யாரோ ஒருத்தர் தாங்கித்தான் ஆகணும் சார். ஊர் சேர்ந்து தாங்கினா அதுக்குப் பேர் மானியம். ஊர் கையை எடுத்துட்டா உள்ள இருக்கற யாரோ ஒரு ஆள் தனியாத் தாங்கறார். இங்க இவங்க. நான் அதைப் பார்த்துக்கிட்டே டிக்கெட் கிழிச்சேன்.

— அப்புறமாவது ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாமே மேடம்.

— நிறுத்தினா பதினோரு பேர் நடுத்தெருவுல. எதைப் புடிச்சு எதை விடறது? போன மாசம் ஒரு வியாழக்கிழமை ஒண்ணு பண்ணினேன். என் கைப்பையிலேர்ந்து அக்காவுக்கு ஒரு நாள் கூலி எடுத்துக் குடுத்து, பூட்டைத் திறந்து பெட்டியில உக்கார வச்சேன்.

— என்ன ஆச்சு?

— குரல் என்கிட்டயே இருந்தது ஐயா. போகலை. மூணு வரி எடுத்துக் குடுத்தேன். வீட்டுக்குப் போய் அவரோட விடிய விடியப் பேசினேன்.

— வெள்ளிக்கிழமை?

— கூலி இல்லை. போயிடுச்சு.

— கூலி குடுத்தா ஆளும் வரணும், கூலி குடுக்கலைன்னா குரல் மட்டும் வந்துடும். அப்படித்தானே?

— அப்படி இல்லை சார். கூலி குடுத்தா குரல் அவங்களோடது. குடுக்கலைன்னா மேடை எடுத்துக்குது. அதான் வித்தியாசம்.

— மேடைக்கு எந்த வித்தியாசமும் இல்லையே மேடம். ரெண்டு நாளும் மூணு வரி கிடைச்சுதே.

— மேடைக்கு இல்லை. இவங்களுக்கு இருக்கு. என் கையிலேர்ந்தே தினமும் குடுக்கலாம்னு பார்த்தேன், என் சம்பளம் இவங்க சம்பளத்தை விட ஒரு விரக்கடைதான் ஒசரம். ஒரே ஒரு சம்பளம் சார். பன்னண்டாவது சம்பளம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை இவங்க அந்தக் கிடங்குல யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். இனிமே சனிக்கிழமை ஆனா அவங்க வீட்டுக்காரரை இங்க கூட்டிட்டு வந்து முன் வரிசையில உக்கார வச்சுக்கறோம்.

— கடைசியா ஒரு சின்னக் கேள்வி. இந்த ஒரு வருஷத்துல குரல் எதையாவது கேட்டுதா? புகார், விடுப்பு, பாக்கி?

— வசனத்தைத் தவிர ஒரு சொல் இல்லை சார்.

— முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் நன்றி. உங்களை நான் நம்பறேன். ஒரு சொட்டு சந்தேகம் கூட எனக்கு இல்லை.

— இப்படி ஒருத்தர் சொல்லிக் கேக்க ஒரு வருஷம் ஆச்சு சார். எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன்.

— சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? இது நாலாவது இடம். எதிர் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டி துடைக்கற அம்மாவைப் பத்து மாசம் முன்னாடி எடுத்தோம். தினமும் காலையில ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் அவங்களுக்கு ரெண்டு கையும் மரத்துப் போகுது. ஆனா அங்க கண்ணாடி பளபளன்னு இருக்கு. விரலால தடவிப் பார்த்தேன், பொட்டுத் தூசி இல்லை.

— சார்.

— ஆறாம் நம்பர் கூடத்துல காவலுக்கு உக்காந்திருந்தவர். பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் அவருக்குக் கண் தெரியறதில்லை. கூடத்துல காலி ஸ்டூல்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க சிலை கிட்ட வந்ததும் தானா ஒதுங்கி நிக்குதுங்க. ஏன்டா கண்ணான்னு ஒரு பையனைக் கேட்டேன். "யாரோ பார்க்கறாங்க"ங்கறான். அஞ்சு மணிக்குக் கண் திரும்ப வந்துடுது, ஒரு குறையும் இல்லை.

— அந்த ஏழு மணி நேரம் ஐயா?

— வீட்டுல உக்காந்திருக்கார்மா.

— நீங்க எங்க மனுவுக்காக வரலை.

— மனுவுக்காகவும்தான் மேடம். நான் கலைக்கு விரோதி இல்லை. இந்த நாடகத்தை நான் சின்ன வயசுல இதே கூடத்துல பார்த்திருக்கேன். இந்த மாதிரி இடங்க மூடிடக் கூடாதுன்னு ராப்பகலா யோசிக்கறவன். நீங்கதான் அழகா விளக்கினீங்க. ஆளு குறையாது, நேரம் குறையாது. ஒத்துக்கறேன். மூணாவது கதவும் பூட்டுன்னீங்க பாருங்க, அது பூட்டு இல்லை. சாத்தியிருக்கு, அவ்வளவுதான். இனிமே டிக்கெட் நாலு வேண்டாம், ஒண்ணு வைங்க. அந்த நர்ஸம்மா வரட்டும், பள்ளிக்கூடத்துப் பசங்க வரட்டும்.

— என்ன உத்தரவு போட்டிருக்கீங்க?

— மிச்சம் பதினோரு போஸ்ட்டையும் எடுத்தாச்சு.

— எப்பலேர்ந்து?

— இன்னைக்கு மத்தியானம் பன்னண்டு மணியிலேர்ந்து அமல். கவர் இந்த ஃபைல்ல இருக்கு, கிளம்பும்போது குடுக்கலாம்னு இருந்தேன்.

— பன்னண்டு மணிக்கே முடிச்சுட்டீங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு கேள்வி கேட்டீங்க?

— ஆய்வறிக்கை இல்லாம உத்தரவு செல்லாதே மேடம். எங்க ஆபீஸ்ல உத்தரவு முதல்ல, ஆய்வு அப்புறம்.

— அங்க பக்கத்து அறையில அஞ்சு பேர் மேக்கப் போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது.

— தெரிய வேண்டியதில்லை. வேலை எப்படியும் நடக்கும்.

— நடிகருக்குக் குரல் மட்டுமா சார் வேலை? நடக்கணும், அழணும், விழணும். அவங்ககிட்டேர்ந்து எதை எதை எடுப்பீங்க? அந்த ரெண்டு மணி பத்து நிமிஷம் அவங்க வீட்டுல என்னவாக் கிடப்பாங்க?

— அதைக் கவனிச்சு எழுதத்தான் இன்னைக்கு ஆட்டத்துக்கு நானும் ஒரு டிக்கெட் வாங்கியிருக்கேன்.

— பாப்பா. மணி என்ன?

— ரெண்டு அம்பத்தெட்டுக்கா. அழாதீங்க. இன்னைக்கு ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லைன்னா குரல் போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் நிறுத்தறேன்.

— உங்களுக்கு இப்ப அந்த அதிகாரம் இல்லை மேடம்.

— அதிகாரம் இருக்கோ இல்லையோ, வாய் இருக்கு. மூணு மணிக்குத் திரை தூக்கறதுக்கு முன்னாடி நான்தான் மேடையேறி ஜனத்துகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். இன்னைக்கும் பேசறேன். உள்ளதை உள்ளபடி சொல்லப் போறேன்.

— போ பாப்பா. சீக்கிரம் போ.

— வழி விடுங்க சார். கேளுங்க, இதான் சொல்லப் போறேன். காசைத் திருப்பி வாங்கிக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க, எங்க பதினோரு பேரையும் கூலி இல்லாம இந்த மேடை எடுத்துக்கப் போகுது, இன்னைக்கு நீங்க ஒருத்தர் கூட உக்காரக் கூடாது, உக்காந்தா—

— மேடம்?

— பாப்பா. என்னைப் பாரு. வாயைத் திற.

— நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாங்க. ஏன்மா நிறுத்திட்டாங்க?

— நிறுத்தலை ஐயா. மேடைப் பக்கம் கேளுங்க, பாப்பா குரல். வாங்க வாங்கங்கறா. எல்லாரும் உக்காருங்கங்கறா. செல்போனை அணைச்சுடுங்கங்கறா.